ஸ்கார்பரோவில் காலை எட்டு மணி

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ, மருந்தால் பேர் வாங்கிய கடலோர ஊர். 1620-களில் தாமசின் ஃபாரர் என்ற பெண்மணி, கடலோரக் குன்றின் அடியில் ஊறிவரும் தண்ணீர் பட்ட கல்லெல்லாம் செம்பழுப்பாகிக் கிடப்பதைப் பார்த்தார். குடித்துப் பார்த்தார், உடம்புக்கு நல்லது என்று ஊரில் சொல்லிவைத்தார். 1660-ல் ராபர்ட் விட்டி என்ற மருத்துவர் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வசதி படைத்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். தண்ணீரைக் குடிக்க வந்தவர்கள் கடலிலும் குளிக்க ஆரம்பித்தார்கள். 1845-ல் யார்க் நகரத்திலிருந்து ரயில் வந்தது. 1867-ல் குன்றின்மேல் கிராண்ட் ஹோட்டல் எழுந்தது. 1875-ல், குன்றேற முடியாதவர்களுக்காகத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட் ஒன்றும் வந்தது. பிரிட்டனில் அந்த வகையில் அதுதான் முதலாவது.

பிறகு ஆங்கிலேயர்கள் விடுமுறைக்கு விமானமேறி ஸ்பெயினுக்குப் போகப் பழகினார்கள். இந்த மாதிரிக் கடலோர ஊர்களில் பெரிய பெரிய விடுதிகள் காலியாகின. அவற்றில் சில முதியோர் இல்லங்களாயின. கடலைப் பார்த்த ஜன்னல், உயரமான கூரை, எழுபது எண்பது வயதுக்காரர்கள் ஏறத் திணறும் படிக்கட்டு, அதற்காகப் பின்னால் வைத்த லிஃப்ட். அப்படி ஓர் இல்லத்தில்தான் என் அக்கா மகள் வேலை பார்க்கிறாள்.

கடந்த அக்டோபரில் லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயிலேறி, யார்க்கில் மாறி, மால்ட்டன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன். ஸ்கார்பரோ ரயில் நிலையத்தில் ஒரு மர பெஞ்சு இருக்கிறது. 139 மீட்டர் நீளம். உலகத்து ரயில் நிலையங்களிலேயே நீளமானது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அன்று அதில் உட்கார்ந்திருந்தவர்களில் தலை நரைக்காதவள் அவள் ஒருத்திதான். குளிருக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சித்தி, முதல்ல பெட்டியக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

நாகர்கோவிலில் நர்ஸிங் படித்தவள். இங்கே நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள எழுத வேண்டிய பரீட்சை இன்னும் பாக்கி. அதுவரை 'சீனியர் கேரர்'. இங்கிலாந்தில் இல்லங்கள் இரண்டு வகை. ஒன்றில் நர்ஸ் எந்நேரமும் இருப்பார். மற்றதில் நர்ஸ் கிடையாது. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களே மருந்து கொடுப்பார்கள், ஊசி போட மட்டும் வெளியிலிருந்து 'டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்' வருவார். இவளுடையது இரண்டாவது வகை. 2022-ல் பராமரிப்பு வேலைக்கென்று விசா திறந்துவிட்டபோது கேரளாவிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் வந்தவர்களில் இவளும் ஒருத்தி. 2025 ஜூலையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். இனி வெளிநாட்டிலிருந்து புதிதாக இந்த வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. "இருக்கவங்களே ரெண்டு ஆள் வேலை பாக்கோம்" என்றாள். அதைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

நான் ஊர் பார்க்கத்தான் போனேன். கோட்டையைப் பார்த்தேன். புனித மேரி தேவாலயத்து இடுகாட்டில் நாவலாசிரியை ஆன் பிராண்டியின் கல்லறையைப் பார்த்தேன். காசநோய் முற்றி, கடற்காற்று பட்டால் தேவலையாகும் என்று நம்பி வந்து, 1849-ல் இந்த ஊரிலேயே இறந்தவர். கையில் வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கடற்காகம் ஒன்று பிடுங்கிக்கொண்டு போனதையும் பார்த்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் இவள் மருந்து கொடுத்த காலைப்பொழுதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

உள்ளே விடுவார்களா என்பதே சந்தேகமாக இருந்தது. மேனேஜரம்மா யோசித்து, நிபந்தனை போட்டார். யார் அறைக்குள்ளும் அவர்கள் சரி சொல்லாமல் கால் வைக்கக் கூடாது. யாருடைய மருந்துத் தாளையும் பார்க்கக் கூடாது; வேண்டுமானால் வெறும் தாள் ஒன்று தருகிறேன், அதை ஆற அமரப் பாருங்கள். எழுதினால் இல்லத்தின் பேரும் வரக் கூடாது, இருப்பவர்கள் பேரும் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மேலே ஒரு நிபந்தனையை இவள் போட்டாள்: "சித்தி, ட்ராலிய நான் தள்ள ஆரம்பிச்சா எங்கிட்டப் பேசக் கூடாது. தீ பிடிச்சா மட்டும் கூப்பிடுங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எட்டு மணிக்குச் சிவப்பு நிறத்தில் கையில்லாத மேலங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். மருந்து வேளை, தொந்தரவு செய்யாதீர்கள் என்று முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தொலைபேசி மணி அடித்தது. அவள் திரும்பவில்லை, வேறு யாரோ எடுத்தார்கள். ஒரு முதியவரின் மகன் வாசலில் நின்று ஏதோ கேட்கப் போனார். இன்னொரு பெண் வந்து அவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள்.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். மேற்கு யார்க்‌ஷயர், கேம்பிரிட்ஜ்‌ஷயர், மத்திய லண்டன் ஆகிய இடங்களில் 55 இல்லங்கள், 256 முதியோர். ஆளுக்குச் சராசரி 8 மருந்து. பார்த்தால், நூற்றுக்கு 69.5 பேருக்கு ஏதாவது ஒரு பிழையாவது நடந்திருக்கிறது. டாக்டர் எழுதியதில் பிழை, மருந்துக்கடை கட்டிக்கொடுத்ததில் பிழை, இல்லத்தில் கொடுத்ததில் பிழை, ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் விட்ட பிழை என்று நான்கு இடத்திலும். பெரும்பாலானவை உயிருக்கு உலை வைக்கிற பிழைகள் அல்ல. ஆனால் காரணங்களைத் தேடியபோது அகப்பட்டவை சாதாரணமானவை: வேலைப் பளு, டாக்டரைப் பிடிக்க முடியாமை, வாய்வார்த்தையாகவே சேதி சொல்லிவிட்டுப் போவது, மருந்து கொடுக்கும்போது நடுவில் கூப்பிடுவது. கெட்ட ஆள் என்று ஒருவர்கூட இல்லாமலேயே பத்தில் ஏழு பேருக்குத் தப்பு நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு 2014 மார்ச்சில் இல்லங்களில் மருந்தைக் கையாளுவதற்கென்றே தனி வழிகாட்டி போட்டது. நான் பார்த்ததில் பாதி அந்த வழிகாட்டியின் நடைமுறைதான்.

ட்ராலி என்பது சக்கரம் வைத்த இரும்பு அலமாரி. மருந்து வேளை இல்லாதபோது மருந்து அறைச் சுவரோடு சங்கிலியில் பூட்டிக் கிடக்கும். சாவி பொறுப்பாளியின் இடுப்பில். ஷிஃப்ட் மாறும்போது கை மாறும், மாறியதற்கும் கையெழுத்து உண்டு. உள்ளே ஆளுக்கொரு பெட்டி. அட்டையில் மாதம் முழுவதுக்கும் குமிழ் குமிழாக அடைத்துத் தரும் முறைதான் நெடுநாளாக இருந்ததாம். அதைக் கைவிட்டுப் பல இல்லங்கள் மறுபடி கம்பெனிப் பெட்டிக்கே திரும்பியிருக்கின்றன, இந்த இல்லமும் உட்பட. ஏன் என்று பிறகு கேட்டேன். "குமிழ்ல இருந்தா கண்ணு குமிழத்தான் பாக்கும், மாத்திரையப் பாக்காது. பெட்டின்னா பேரு, பவர், தேதி எல்லாம் வாசிச்சே ஆகணும்ல" என்றாள்.

அவள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசைதான் விஷயம். அறை வாசலில் ட்ராலியை நிறுத்தினாள். தாளைத் திறந்தாள். 'மார் சார்ட்' என்கிறார்கள்; இடது பக்கம் மருந்துகள், மேலே தேதிகள், நடுவே கட்டம் கட்டமாக இருக்கும். முதல் பக்கத்தில் அந்த முதியவரின் புகைப்படம், எது ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது. தொண்ணூறு வயதுப் பெண்மணியை இவள் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அப்படிக் கூப்பிட்டால் போதும் என்று அந்தம்மாவே எழுதிக் கொடுத்தது அது என்று பிறகு தெரிந்தது. தாளையும் பெட்டி லேபிளையும் ஒத்துப் பார்த்தாள். மாத்திரையை விரலால் தொடாமல் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் உதிர்த்தாள். ட்ராலியைப் பூட்டினாள், மூன்றடி தூரம்தான், ஆனாலும் பூட்டினாள். உள்ளே போய், இது ரத்த அழுத்தத்துக்கு, இது தைராய்டுக்கு என்று சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்து, விழுங்கும்வரை நின்றாள். வெளியே வந்து, அப்போதுதான் கையெழுத்துப் போட்டாள்.

முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் என்ன? பத்துக் கையெழுத்தும் ஒரே மூச்சில் முடிந்துவிடுமே? முடியும்தான். உள்ளே போனால் அவர் வேண்டாம் என்றுவிடலாம், துப்பிவிடலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது தாள் பொய் சொல்லும். கொடுத்தாயிற்று என்று தாள் சொன்னதை நம்பி டாக்டர் அளவைக் கூட்டுவார்.

மூன்றாவது அறைக்காரர் நிஜமாகவே வேண்டாம் என்றார். நீர் பிரியும் மாத்திரை அது. இன்றைக்குப் பேத்தி வருகிறாள், கடற்கரைக்குப் போகப் போகிறேன், வழியெல்லாம் கழிப்பறை தேட முடியாது என்றார். நான் அவளிடத்தில் இருந்திருந்தால், "தாத்தா, டாக்டர் சொல்லியிருக்காரு, குடிச்சிருங்க" என்று வற்புறுத்தி வாயில் போட்டிருப்பேன். அவள் இரண்டு வார்த்தை எடுத்துச் சொன்னாள். அவர் அசையவில்லை. கட்டத்தில் மறுத்தார் என்பதற்கான எழுத்தைப் போட்டாள், பின்பக்கம் காரணம் எழுதினாள், மாத்திரையைத் திருப்பியனுப்பும் டப்பாவில் போட்டு அதையும் குறித்தாள். மத்தியானம் திரும்பி வந்ததும் கொடுக்கலாமா என்று டாக்டர் அலுவலகத்தைக் கேட்பாள். வெற்றுக் கட்டம் மட்டும் இருக்கவே கூடாது. கொடுத்ததற்கு எவ்வளவு எழுத்தோ, கொடுக்காததற்கு அதைவிட அதிகம். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர், விட்டுப்போயிற்றோ என்று இன்னொரு தடவை கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.

நேரம் என்பதும் நான் நினைத்ததுபோல் 'காலை, மதியம், இரவு' இல்லை. பார்க்கின்சன் நோய்க்காரர் ஒருவர் இருந்தார். லெவோடோபா அவருக்கு எட்டு மணி என்றால் எட்டு மணிதான்; அரைமணிக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. தவறினால் கை கால் விறைத்துப்போய், விழுங்கவே முடியாமல் போகும். விழுங்க முடியாவிட்டால் அடுத்த வேளையும் போயிற்று. பார்க்கின்சன் யூகே அமைப்பு இதற்காகவே, நேரத்துக்குக் கொடுங்கள் என்று 2006-லிருந்து இயக்கம் நடத்தி வருகிறது. ஆகவே ட்ராலி அறை வரிசைப்படி போகாது. முதலில் அவர் அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை தரும் அலெண்ட்ரோனிக் ஆசிட் இன்னொரு தினுசு. வெறும் வயிற்றில், குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி நேரம் படுக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது. அதை இரவு ஷிஃப்ட்காரரே விடிகாலையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பாராசிட்டமால் கதை இதைவிட ருசியானது. நாம் மிட்டாயைப்போல் விழுங்கும் மாத்திரை. இரண்டு வேளைக்கு நடுவே நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது. தாளில் காலை எட்டு, மதியம் பன்னிரண்டரை என்று அச்சிட்டிருக்கிறது, கணக்குச் சரிதான். ஆனால் காலைச் சுற்று முடிய பத்தேகாலாகிறது. கடைசி அறைக்காரர் பத்தேகாலுக்கு விழுங்கிவிட்டு, பன்னிரண்டரைக்கு மறுபடி விழுங்கினால்? அச்சிட்ட நேரம் சரி, நடந்த நேரம் தப்பு. அதனால் கொடுத்த நிமிஷத்தையே எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய இல்லங்களில் நான்கு மணி நேரம் ஆகாவிட்டால் திரையே தடுத்துவிடுமாம். இந்த இல்லம் இன்னும் காகிதம்தான். அடுத்த வருஷம் மாற்றுவதாக மேனேஜரம்மா சொன்னார். இவள் கண்ணைச் சிமிட்டினாள். போன வருஷமும் அப்படித்தான் சொன்னாராம்.

சுற்று முடிந்து அங்கியைக் கழற்றிய பிறகுதான் மருந்து அறையைக் காட்டினாள். சின்ன அறை. சுவரில் வெப்பமானி, 25 டிகிரியைத் தாண்டக் கூடாது. குளிர்பதனப் பெட்டி 2-லிருந்து 8 டிகிரிக்குள். இன்சுலினுக்கும் சில கண் சொட்டு மருந்துக்கும். தினமும் பார்த்து எழுதுகிறார்கள். பாலோ சாண்ட்விச்சோ அதில் வைக்கக் கூடாது என்று ஒட்டியிருந்தது. யாரோ ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படியெல்லாம் எழுதி ஒட்டமாட்டார்கள். கண் சொட்டு மருந்துக் குப்பிகளில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். பொதுவாக 28 நாள் ஆனால் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் நிற்கும் சொட்டு மருந்து எந்தத் தீபாவளிக்குத் திறந்தது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

அலமாரிக்குள் இன்னொரு அலமாரி இருந்தது. சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி. மார்ஃபின், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை போன்றவை அதற்குள். கடும் வலிக்கானவை, போதைக்கும் பயன்படக்கூடியவை. பிரிட்டனின் 1971-ம் வருஷத்துச் சட்டமும் 1973-ன் பாதுகாப்பு விதிகளும் இதைச் சொல்கின்றன. கூடவே ஒரு தைத்த நோட்டு. தாள் கிழிக்க முடியாது. ஒருவர் எடுப்பார், இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், இருவரும் போடுவார்கள் கையெழுத்து. எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று, மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை. தப்பாக எழுதினால் அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. கீழே குறிப்பெழுதிக் கையெழுத்திட வேண்டும்.

கெடுபிடி இவ்வளவு இறுகியதற்கு ஒரு கதை உண்டு. மான்செஸ்டர் பக்கத்தில் ஹைடு என்று ஒரு சிற்றூர். அங்கே ஹெரால்ட் ஷிப்மன் என்ற டாக்டர், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர், டயமார்ஃபின் ஊசி போட்டே தன் நோயாளிகளைக் கொன்றார். பெரும்பாலும் வயதான பெண்கள். 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டனை. விசாரணைக் குழுத் தலைவர் நீதிபதி ஜேனட் ஸ்மித் 2002-ல் தந்த முதல் அறிக்கையில் எண்ணிக்கை 215. இறந்துபோன நோயாளிகளின் வீட்டில் மிச்சமிருந்த மருந்தை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டதும் அவர் வழிகளில் ஒன்று. நாட்டில் இந்த மருந்துகளின் கணக்கு வழக்கு இறுகியது அதன் பிறகுதான். இப்போது இல்லத்தில் ஒருவர் இறந்தால் அவர் மருந்துகளை ஏழு நாள் அப்படியே எடுத்து வைக்கிறார்கள். மரண விசாரணை அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் கணக்கெழுதித் திருப்புகிறார்கள். ஒட்டிக் கழற்றிய ஃபென்டனில் பட்டையைக்கூட ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துத்தான் போட வேண்டும். 72 மணி நேரம் தோலில் இருந்த பிறகும் அதில் மருந்து மிச்சமிருக்கும். ஒரு குழந்தைக்கு அது போதும்.

தேநீர் வேளையில் எனக்கு நெஞ்சில் இருந்த கேள்வியைக் கேட்டேன். மறதி நோய் முற்றியவர்கள் வாயையே திறக்க மாட்டார்களே, வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் என்ன? என் மாமியாருக்கு நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். ரசஞ்சோற்றில் நுணுக்கிப் போட்டதும் உண்டு.

"ஐயோ சித்தி, அது இங்க பெரிய விஷயம்" என்றாள். தெரிந்தே மறுக்கிறவரை ஏமாற்றிக் கொடுக்கவே கூடாது. தெரியாத நிலை என்றால், அதை முதலில் நிரூபிக்க வேண்டும். 2005-ம் வருஷத்து மனத்திறன் சட்டம் அதற்கு இருக்கிறது. பிறகு டாக்டர், மருந்தாளுநர், வீட்டார், இல்லத்தார் உட்கார்ந்து பேசி, இந்த மருந்து இவருக்குத் தேவைதானா, ஒளித்துக் கொடுப்பது இவர் நன்மைக்குத்தானா என்று முடிவெடுத்து எழுத வேண்டும். அவ்வப்போது திரும்பப் பார்க்க வேண்டும். நுணுக்கலாமா என்பதை மருந்தாளுநர்தான் சொல்வார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மாத்திரையை நுணுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். அப்படிப் பேச உட்கார்ந்தால், பாதி மருந்து தேவையே இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடுவதும் உண்டாம். ஒளித்துக் கொடுப்பதைவிட அது நல்ல முடிவுதான்.

தேவையில்லாத மருந்துகளில் மோசமானது ஆளை அடக்கிப் போடுகிற மருந்து. சத்தம் போடுகிறார், ராத்திரி நடக்கிறார் என்று மறதி நோயாளிகளுக்கு மனநோய் மாத்திரைகளைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவது. 2009-ல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்குக் கொடுத்த அறிக்கை, ஆண்டுக்குச் சுமார் 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இந்த மாத்திரைகள் தரப்படுவதாகவும், பலன் கிடைப்பது அதிகம் போனால் 36,000 பேருக்கென்றும், அதனால் ஆண்டுக்கு 1,800 சாவு கூடுதலாக நேர்வதாகவும் கணக்குச் சொன்னது. 'தேவைப்பட்டால் தரலாம்' என்று டாக்டர் எழுதும் எந்த மருந்துக்கும் இப்போது தனித்தாள் ஒன்று உண்டு: எதற்கு, எப்போது, எவ்வளவு, முதலில் வேறு என்ன செய்து பார்க்க வேண்டும், கொடுத்த பின் பலித்ததா. ஒரு முதியவர் ராத்திரி கத்துவார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல், பல்வலி, ஈர உடுப்பு. இவள் சொன்ன வரிசை இது.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். இவள் பொழுதில் பெரும்பங்கு எழுத்துக்கே போகிறது. எழுதி எழுதி அலுத்த கை எதையும் பார்க்காமல் எழுத ஆரம்பிக்கும் ஆபத்து இருக்கிறதே என்று கேட்டேன், இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அனுப்பிவைப்பார்கள். கையில் ஒரு பை மருந்து, ஒரு காகிதம். பழைய மருந்தில் இரண்டை நிறுத்தியிருப்பார்கள், ஏன் என்று எழுதியிருக்க மாட்டார்கள். டாக்டர் அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். அந்த மூன்று ராத்திரிக்குத்தான் தனக்கு வயிற்றைக் கலக்கும் என்றாள். அப்போது தாளில் கையால் புது மருந்தை எழுத வேண்டிவரும். எழுதுவது ஒருவர், ஒத்துப் பார்த்துக் கையெழுத்திடுவது இன்னொருவர். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு தடவை தர வேண்டிய மருந்து. எழுதுகிறவர் கை தவறித் தினமும் என்று எழுதிவிட்டால் ஆளே போய்விடுவார்.

மருந்து என்று பேர் இல்லாததும் ஆளைக் கொல்லும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு தூள் கலக்குகிறார்கள். வேறோர் இல்லத்தில் அந்த டப்பாவைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அங்கிருந்த ஒருவர் அந்தத் தூளை அப்படியே வாயில் போட்டு மூச்சடைத்து இறந்தார். அதன் பிறகு 2015-ல் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நாடு முழுக்க எச்சரிக்கை அனுப்பியது. இங்கே அந்த டப்பாவும் பூட்டுக்குள்தான்.

திரும்பி வரும் ரயிலில் சென்னைப் புறநகரில் முன்பு பார்த்த ஓர் இல்லத்தை நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்கள் நடத்துவது. ஆயாம்மாவுக்கு அத்தனை பேரின் மருந்தும் மனப்பாடம். "இவருக்கு காலைல வெள்ளை ஒண்ணு, ரோஸ் பாதி" என்பார். பேர் எழுதிய எவர்சில்வர் டப்பாக்களில் கத்தரித்த பட்டைத் துண்டுகள். நம் மருந்துக்கடைகளில் பத்து மாத்திரைப் பட்டையில் நான்கைக் கத்தரித்துத் தருவார்கள். பேர் ஒரு துண்டில் போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகும். கம்பெனி மாறினால் நிறம் மாறும், வெள்ளை ரோஸாகும். ஒரே மருந்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு கம்பெனிப் பேரில் எழுதினால் இரண்டும் டப்பாவுக்குள் சேர்ந்துவிடும். ஆயாம்மா ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த மனப்பாடமும் அவரோடு படுத்துவிடும். அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கார்பரோவில் என் அக்கா மகளின் அன்பைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. அவள் ஞாபகத்தையும் யாரும் நம்புவதில்லை. அவளே நம்புவதில்லை. ஒரே முதியவருக்கு ஒரே மாத்திரையைத் தினமும் கொடுத்தும், தினமும் லேபிளை வாசிக்கிறாள்.

இங்கிலாந்தின் பூட்டும் தைத்த நோட்டும் நமக்கு இன்றே வந்துவிடாது. 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதில் இல்லங்களைப் பற்றியும் பேச்சு உண்டு, ஆனால் மருந்துத் தாளைப் பற்றி இந்த நுணுக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் பிள்ளைகள்தான். அம்மாவையோ அப்பாவையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், தோட்டத்தையும் பூஜையறையையும் காட்டுகிற சாயங்கால வேளையில் போகாதீர்கள். காலை எட்டு மணிக்குப் போங்கள். மருந்து யார் கொடுக்கிறார்கள், பார்த்துக் கொடுக்கிறார்களா, நினைவில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வேண்டாம் என்று சொன்ன வேளையை எங்கே எழுதுகிறீர்கள் என்று கேளுங்கள். மருந்து வாங்கிக் கொடுக்கும்போது முழுப் பட்டையாக, பெட்டியோடு, டாக்டர் சீட்டின் நகலோடு கொடுங்கள். சேர்த்த பிறகு மாதம் ஒருமுறை அம்மாவின் மருந்துத் தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு தாளே இல்லை என்றால், ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நாற்பது ரூபாய் ஆகும்.